நாயகியருக்குப் பெயர் சொன்னவர்: ஆனந்த குமாரசுவாமி

இந்தியாவின் பெரிய அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் ஒரு கூடத்தில் சின்னஞ்சிறு ஓவியங்கள் கண்ணாடிக்குள் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலானவை ஒரு முழ நீளம்கூட இரா. ஒன்றில் மழைக் கறுப்பில் காட்டு வழியே ஒரு பெண் தனியாக நடக்கிறாள். காலடியில் பாம்பு நெளிகிறது, வானத்தில் மின்னல் பொன் கோடாக ஓடுகிறது. இன்னொன்றில் ஒருத்தி மாடத்தில் நின்று வாசலைப் பார்க்கிறாள். மூன்றாவதில் ஒருத்தி வளையலையும் ஆரத்தையும் கழற்றித் தரையில் வீசுகிறாள். கீழே சிறு சீட்டில் அபிசாரிகை, வாசகசஜ்ஜை, விப்ரலப்தை என்று எழுதியிருக்கும். நாமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறோம்.

நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சீட்டுக்கூடக் கிடையாது. இந்தப் படங்களில் பல, பழம்பொருள் வியாபாரிகளிடம் கேட்பாரற்றுக் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் இவற்றை மொகலாயப் படங்களோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைத்தார்கள். இது வேறு மரபு, ராஜஸ்தானத்துச் சமவெளியிலும் பஞ்சாப் மலைநாட்டிலும் வளர்ந்த தனிக் கலை, இந்தப் பெண் யார், எதற்காக இந்த இருட்டில் நடக்கிறாள் என்று உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் ஒரு தமிழரின் மகன். அவர்தான் ஆனந்த குமாரசுவாமி.

நடராஜர் தத்துவத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் என்ற அளவில் அவரை நம்மில் பலர் அறிவோம். வடநாட்டு நாயகியரை மீட்டுக் கொடுத்தவரும் அவரே என்பது அவ்வளவாகத் தெரிந்த செய்தி அல்ல.

கொழும்பில் பிறப்பு, லண்டனில் வளர்ப்பு

யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட குடும்பம் அவருடையது. பாட்டனார் குமாரசுவாமி முதலியார் 1835-ல் இலங்கைச் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர். தந்தை முத்துக்குமாரசுவாமி பெரிய வழக்கறிஞர். 1863-ல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. 1874-ல் சர் பட்டம் பெற்றார். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் என்ற இரு பெரும் தலைவர்களுக்கு அவர் தாய்மாமன்.

அவர் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1877 ஆகஸ்டு 22-ல் கொழும்பில் ஆனந்தன் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன் தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். தந்தை பின்னால் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. புறப்படவிருந்த நேரத்தில், 1879 மே மாதம், அவர் கொழும்பிலேயே காலமானார். தந்தையின் முகமும் மொழியும் நினைவில் நிற்காத வயதில் பிள்ளை அன்னிய மண்ணில் வளர நேர்ந்தது.

வைக்ளிஃப் கல்லூரிப் பள்ளியில் படிப்பு. பிறகு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-ல் பட்டம். கலை அவருடைய பாடமே அல்ல. அவர் படித்தது கல்லையும் மண்ணையும் பற்றி!

கல்லிலிருந்து கலைக்கு

1903-ல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராக வந்தார். அப்போது வயது இருபத்தாறுதான். தோரியானைட் என்ற கனிமம் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த ஆராய்ச்சிகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அந்த வழியிலேயே போயிருந்தால் நல்ல சம்பளம், நல்ல ஓய்வூதியம் என்று நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால், கனிமம் தேடிக் கண்டிச் சீமையின் கிராமங்களில் சுற்றியபோது அவர் கண்ணில் பட்டது வேறு. கொல்லர், தச்சர், நெசவாளர், கோயில் ஓவியர் எல்லோரும் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வந்த மலிவுச் சரக்கு அவர்கள் வயிற்றில் அடித்திருந்தது. கையில் வித்தை இருந்தது, வாங்குவார் இல்லை. அவரும் முதல் மனைவி எத்தலும் அந்தக் கைவினைஞர்களைத் தேடிப் போய், அவர்களுடைய முறைகளைக் குறிப்பெடுத்தார்கள். படம் பிடித்தார்கள்.

இங்கிலாந்து திரும்பியதும் அதை ஒரு பெரிய நூலாக்கினார். 1908-ல் வெளிவந்த அந்த நூல் மத்திய காலச் சிங்களக் கலையைப் பற்றியது. வில்லியம் மாரிஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்திலேயே, தம் வீட்டில் வைத்து, தாமே மேற்பார்வை பார்த்து அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். ஒரு வருஷத்துக்கு மேல் அதற்கு ஆயிற்று.

அந்த நாட்களில் இந்தியாவில் சுதேசி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. குமாரசுவாமியும் அதில் ஈடுபாடு கொண்டார். ஆனால் அவர் பேசிய சுதேசி கொஞ்சம் வித்தியாசமானது. மான்செஸ்டர் துணிக்குப் பதிலாகப் பம்பாய் மில் துணியை வாங்குவது மட்டும் சுதேசி ஆகிவிடாது, நம்முடைய அழகு உணர்வும் கைத்திறமும் பிழைத்தால்தான் அது சுதேசி என்பது அவர் கட்சி.

1910-ல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், இந்தியாவில் நீண்ட காலம் உத்தியோகம் பார்த்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர், இந்தியாவில் நுண்கலை என்ற ஒன்றே கிடையாது என்று பேசினார். தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையை வெந்த மாவு உருண்டைக்கு ஒப்பிட்டார். கூடியிருந்த கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பொறுக்கவில்லை. அந்த ஆண்டே இந்தியக் கலைக்காக லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் குமாரசுவாமியும் ஒருவர்.

வடநாட்டில் தேடல்

வாய்ப் பேச்சால் பதில் சொல்வதை விடச் சான்றுகளைத் திரட்டி முன்னால் வைப்பது மேல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1910-11-ல் அலகாபாத்தில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதில் கலைப் பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதை ஒட்டி வடநாடு முழுவதும் சுற்றி ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு தங்கிப் பழகியதும் இந்தக் காலத்தில்தான்.

அந்தத் தேடல் எளிதாக இருந்திருக்காது. காங்க்ரா, குலேர், சம்பா, பசோலி போன்ற சிற்றரசுகள் இமயமலை அடிவாரத்தில் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் இருந்தவை. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை குறுகிய ரயில் பாதை திறந்ததே 1929-ல்தான். அதற்கு முன் 1905-ல் வந்த பூகம்பம் காங்க்ராவையே தரைமட்டம் ஆக்கியிருந்தது. ஓவியர்களை ஆதரித்த அரண்மனைகள் அதற்கு வெகு முன்பே நொடித்துப் போயிருந்தன. வாரிசுகள் விற்ற படங்கள் அமிர்தசரஸ் போன்ற ஊர்களின் வியாபாரிகள் கைக்கு வந்தன. பசோலிப் படங்களுக்கு வியாபாரிகள் வைத்திருந்த பெயர் திபெத்துப் படங்கள் என்பது! எந்த ஊர்ச் சரக்கு என்பது விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை.

குமாரசுவாமி அவற்றைக் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. பின்பக்கமும் மேல் ஓரமும் எழுதியிருந்த வடமொழி, இந்திப் பாடல்களைப் படித்தார். அங்கேதான் பூட்டுக்குச் சாவி கிடைத்தது. இந்தப் படங்கள் அரசர்களின் உருவப் படங்கள் அல்ல. இவை கவிதையின் மறு உருவம். கவிதை தெரியாமல் படத்தைப் பார்ப்பது, பாட்டுக் கேட்காமல் அபிநயத்தை மட்டும் பார்ப்பது போன்றது என்பதைக் கண்டுகொண்டார்.

எட்டு நாயகியர்

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் காதல் கொண்ட பெண்ணின் நிலையை எட்டாகப் பிரிக்கிறது. சுமார் 1500-ஐ ஒட்டி பானுதத்தர் எழுதிய ரசமஞ்சரி அதை இன்னும் விரித்தது. பதினாறு வகைப் பெண்கள், எட்டு நிலைகள், மூன்று தரங்கள் என்று பெருக்கி 384 வரை கொண்டுபோனது. 1591-ல் ஓர்ச்சா நாட்டுக் கேசவதாசர் ரசிகப்பிரியா என்ற நூலை மக்கள் பேசும் விரஜ மொழியில் எழுதினார். ஓவியர்கள் இந்த நூல்களைத்தான் கையில் எடுத்தார்கள். குமாரசுவாமி 1914-ல் இந்த எட்டு நாயகியரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி, ஒவ்வொருத்தியையும் எப்படி அடையாளம் காண்பது என்று காட்டினார்.

அந்த எட்டுப் பேரையும் நாமும் தெரிந்துகொள்வோம்.

வாசகசஜ்ஜை: இன்று அவன் வருவான் என்று வீட்டை அலங்கரித்து, படுக்கை விரித்து, விளக்கேற்றிக் காத்திருப்பவள். படத்தில் கட்டிலும் திறந்த கதவும் இருக்கும்.

விரகோத்கண்டிதை: அவன் வரத் தாமதம் ஆகி, ஏன் வரவில்லையோ என்று ஏங்குபவள். காட்டோரம், இலைப் படுக்கை, அருகில் மான்கள்.

விப்ரலப்தை: குறித்த இடத்துக்கு வந்து இரவெல்லாம் காத்தும் அவன் வராமல் ஏமாந்தவள். நகைகளைக் கழற்றி எறிவது இவள்தான்.

கண்டிதை: விடியற்காலையில் வேறொருத்தி வீட்டிலிருந்து திரும்பியவனை வாசலில் நிறுத்திக் கேட்பவள். அவன் நெற்றியில் செம்பஞ்சுக் குழம்பின் கறை. வேறொருத்தியின் காலில் விழுந்து எழுந்ததற்கு அதுவே சாட்சி.

கலகாந்தரிதை: கோபத்தில் அவனைப் போகச் சொல்லிவிட்டு, அவன் போனதும் வருந்துபவள். ஓவியத்தில் அவன் முதுகு தெரியும். இவள் கை பாதி நீண்டிருக்கும்.

சுவாதீனபர்த்ருகை: கணவனின் அன்பை முழுதும் பெற்றவள். அவன் கீழே அமர்ந்து அவள் பாதத்துக்குச் செம்பஞ்சு தீட்டுவான். கிருஷ்ணனே ராதையின் காலடியில் அமர்ந்திருப்பதாக வரைந்திருப்பார்கள்.

அபிசாரிகை: இருட்டு, மழை, பாம்பு, பேய் எதற்கும் அஞ்சாமல் அவனைத் தேடித் தானே புறப்படுபவள். சிலம்பு கழன்று விழுந்ததுகூட அவளுக்குத் தெரியாது. அமாவாசையில் போகிறவள் கருநீல ஆடை உடுப்பாள். நிலவில் போகிறவள் வெள்ளை உடுப்பாள், ஊரார் கண்ணில் படாமல் இருக்க.

புரோஷிதபர்த்ருகை: கணவன் பொருள் தேடியோ கடமை நிமித்தமோ வெளியூர் போயிருக்க, வீட்டில் தனித்திருப்பவள். மேகம் திரண்டிருக்கும், கொக்குகள் வரிசையாகப் பறக்கும், மயில் கூவும். தோழி ஏதோ ஆறுதல் சொல்வாள். கட்டில் காலியாக இருக்கும்.

நம் அகத்திணை படித்தவர்களுக்கு இவர்களில் யாரும் புதியவர் அல்லர். தலைவி, தோழி, பரத்தை வீட்டிலிருந்து வரும் தலைவன், பொருள்வயின் பிரிவு எல்லாம் நமக்கும் உண்டு. வடநாட்டு ஓவியன் சங்கப் பாட்டைப் படித்து வரைந்தான் என்று சொல்ல இடமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் நினைவில் இருக்கிற ஒருவர் காங்க்ரா ஓவியத்தின் முன் நின்றால், பக்கத்தில் நிற்கும் பலரைவிடச் சீக்கிரம் அதைப் புரிந்துகொள்வார்.

ஓவியன் வேலை செய்த விதம்

கனிமங்களைப் படித்த குமாரசுவாமிக்கு இந்த வண்ணங்களும் பழகிய சங்கதிதான். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப் புகை என்று பெரும்பாலும் கல்லிலும் செடியிலும் எடுத்தவை. சில காகிதங்களை ஒட்டி ஒரே தாளாக்கி, அணில் வால் முடியில் கட்டிய தூரிகையால் வரைந்து, பின்பக்கம் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பசோலி ஓவியர்கள் மரகதம் வரைய வேண்டிய இடத்தில் பச்சை வண்டின் சிறகுத் துண்டை ஒட்டினார்கள். இன்றும் அது மினுமினுக்கிறது.

இந்தப் படங்களில் நிழல் கிடையாது. நள்ளிரவுக் காட்சியானாலும் முகம் தெளிவாகத் தெரியும். ஓவியத்தில் இருட்டு என்பதை விளக்காலும் நிலவாலும் உடையாலும் உணர்த்துவார்களே தவிர, மையைப் பூசி மறைக்க மாட்டார்கள். நாயகி எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டால் பதில் இராது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகச் சாயல். இதைக் குறை என்று மேல்நாட்டார் சொன்னபோது குமாரசுவாமி மறுத்தார். ஓவியன் ஒரு பெண்ணை வரையவில்லை, ஒரு நிலையை வரைந்தான் என்று விளக்கினார்.

அவர் பார்வையில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ராதை என்பது ஏங்கும் உயிர், கண்ணன் என்பது இறைவன். காதலும் பக்தியும் இங்கே இரண்டு வேறு வழிகள் அல்ல. ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால், ராஜாக்கள் அந்தப்புரத்தில் பொழுதுபோக்குக்காகத்தானே இவற்றை வரையச் சொன்னார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வரைந்தவர்களும் வரையச் சொன்னவர்களும் பெரும்பாலும் ஆண்களே. காத்திருப்பவள் என்ன நினைத்தாள் என்பதை அவளே வரைந்த படம் நமக்குக் கிடைப்பது அரிது.

வெளியூர் போனவன் மனைவி

எட்டு நாயகியரில் நம்முடைய வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டியவள் புரோஷிதபர்த்ருகை. கேசவதாசரின் கவிப்பிரியா என்ற மற்றொரு நூலில் பன்னிரண்டு மாதங்களுக்கும் வருணனை வருகிறது. ஒவ்வொரு மாதத்திலும் கணவன் பயணம் புறப்பட நிற்கிறான். அந்த மாதத்தின் இயல்பைச் சொல்லி, இந்த மாதம் வேண்டாம் என்று மனைவி தடுக்கிறாள். ஆவணி மழையில் ஆறுகூடக் கடலைத் தேடிப் போகிறதே, நீர் ஏன் பிரிந்து போகிறீர் என்ற போக்கில் அது நடக்கும். பாரமாசா என்று இந்தத் தொடரைப் பல ஊர் ஓவியர்கள் வரைந்தார்கள்.

இதை அவர்கள் எங்கிருந்தோ கற்பனை செய்துவிடவில்லை. ராஜஸ்தானத்திலும் மலைநாட்டிலும் ஆண்கள் படைக்கும் வியாபாரத்துக்கும் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் இருப்பது வழக்கமாக இருந்தது. மழைக்காலத்தில் பாதை அடைபடும் முன் வந்துவிடுவான் என்று எதிர்பார்ப்பார்கள். மேகம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் துயரம். தில்லியிலும் பம்பாயிலும் ஒண்டிக்குடித்தனம் செய்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மணியார்டர் போய்க் கைப்பேசி வந்தாலும் காலிக் கட்டில் காலிக் கட்டில்தான்.

வாங்க ஆளில்லாத செல்வம்

1916-ல் ராஜபுத்திர ஓவியம் பற்றிய அவருடைய பெருநூல் இரண்டு பாகங்களாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் மூலம் வெளிவந்தது. ராஜஸ்தானி, பகாடி என்று இரு பெரும் பிரிவுகளாக அவர் அதில் வகுத்தார். பகாடி என்றால் மலைநாட்டுக் கலை. இன்றும் அந்தப் பெயர்கள் வழங்குகின்றன. அடுத்த ஆண்டு, அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலை துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தார். 1918-ல் சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுதி. அதன் தலைப்புக் கட்டுரையில் திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களை ஆதாரமாகக் காட்டுகிறார். சிறு வயதில் கைநழுவிய தந்தையின் மரபை அவர் இப்படி உழைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இந்தக் காலத்தில் அவரிடம் சேர்ந்திருந்த ஓவியச் செல்வம் மிகப் பெரியது. அதை இந்தியாவிலேயே வைக்க அவர் விரும்பினார். நாட்டுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமையுமானால் முழுவதையும் கொடுத்துவிடத் தயார் என்று சொன்னார். அதற்கான பணமும் முயற்சியும் திரளவில்லை. அன்னிய ஆட்சிக்கு அது அக்கறை இல்லாத விஷயம். நம் செல்வந்தர்களுக்கோ பழைய காகிதப் படத்தின் மதிப்பு அப்போது தெரியவில்லை.

அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட இந்தியாவின் மக்கள் பிரிட்டனுக்காகப் போருக்குப் போகக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் தொடர்ந்து இருப்பது சிரமமாயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் புரவலர் டென்மன் ராஸ் என்பவர் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கி 1917-ல் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். படங்களோடு அவற்றை விளக்கத் தெரிந்தவரும் போனார். இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகக் குமாரசுவாமி அங்கே அமர்ந்தார்.

கப்பலேறிப் போன நாயகியரைப் பற்றி இன்று நாம் வருத்தப்படலாம். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் கொடுக்க நீட்டிய கை நம் பக்கம்தான் நீண்டது. அதை வாங்கிக்கொள்ள நாம் தயாராக இல்லை.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

சாகும் வரை முப்பது ஆண்டுகள் அந்த ஒரே நிலையத்தில் பணி செய்தார். 1926-ல் ராஜபுத்திர ஓவியங்களுக்கும் 1930-ல் மொகலாய ஓவியங்களுக்கும் விவரப் பட்டியல் நூல்கள் கொண்டுவந்தார். ஒவ்வொரு படத்துக்கும் அளவு, பொருள், எழுத்து, காலம் என்று பதிவு செய்வது பொறுமையான வேலை. பதிவேடு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1927-ல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். பிற்காலத்தில் வேதாந்தம், கிரேக்கத் தத்துவம், கிறிஸ்தவ ஞானிகள் என்று அவருடைய படிப்பு விரிந்துகொண்டே போயிற்று.

சொந்த வாழ்க்கையில் அமைதி எளிதில் வாய்க்கவில்லை. நான்கு முறை மணம் புரிந்தார். முதல் மனைவி எத்தல் பிரிந்தபின் கைத்தறியில் பெரும் புகழ் பெற்றார். இரண்டாம் மனைவி ஆலிஸ், ரத்னதேவி என்ற பெயரில் இந்துஸ்தானி இசையைக் கற்றுப் பாடினார். பஞ்சாப், காஷ்மீரப் பாடல்கள் முப்பதைத் திரட்டி 1913-ல் நூலாக வெளியிட்டார். மூன்றாமவர் ஸ்டெல்லா பிளாக் நடனக் கலைஞர். கடைசியாக மணந்த லூயிசா, அவருடைய முதுமைக்குத் துணையாக இருந்து, மறைவுக்குப் பின் கையெழுத்துப் பிரதிகளையும் காத்தார். காதலின் எட்டு நிலைகளையும் ஏட்டில் படித்தவர் அவற்றில் சிலவற்றைத் தம் வீட்டிலும் கண்டிருப்பார் போலும்.

1947 ஆகஸ்டு 15-ல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 22-ல், அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பாஸ்டனில் நண்பர்கள் விருந்து வைத்தார்கள். பணியிலிருந்து ஓய்வு பெற்று மனைவியோடு இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பக்கம் அமைதியாக வாழப்போவதாக அங்கே அவர் தெரிவித்தார். இடையில் சுற்றுப்பயணமாக வந்தாரே தவிர, குடியேற வாய்ப்புக் கிட்டாமலே போயிருந்தது. இந்த முறையும் அது நிறைவேறவில்லை. செப்டம்பர் 9-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நீடம் என்ற ஊரில் உள்ள தம் வீட்டில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் திருத்தியது

குமாரசுவாமி சொன்னதெல்லாம் அப்படியே நிற்கவில்லை. ராஜபுத்திரக் கலைக்கும் மொகலாயக் கலைக்கும் நடுவில் அவர் கிழித்த கோடு சற்று அழுத்தமானது. இரண்டும் ஒன்றிடம் ஒன்று நிறையக் கடன் வாங்கியிருப்பது பிறகு தெரிந்தது. அவர் ஜம்மு ஓவியம் என்று வகுத்த படங்களில் பல பசோலி முதலிய ஊர்களுடையவை என்று கண்டார்கள். 1694-95-ல் தேவிதாசர் என்ற ஓவியர் பசோலி அரசர் கிர்பால் பாலுக்காக வரைந்த ரசமஞ்சரித் தொடர் அதற்கு ஒரு நல்ல சான்று.

ஓவியர்கள் யார் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. ஹரித்துவாரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பண்டாக்கள் நீளமான பேரேடு வைத்திருப்பார்கள். எந்த ஊர், எந்தக் குலம், யாருடைய மகன் என்று தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்கள் அதில் எழுதி வைத்திருப்பார்கள். அறிஞர் பி. என். கோஸ்வாமி அந்தப் பேரேடுகளைப் புரட்டி, குலேர் ஊரில் பண்டித சேயு, அவர் மக்கள் மானக்கு, நைன்சுக் என்ற ஓவியர் குடும்பத்தின் வரலாற்றை உறுதி செய்தார். தச்சுத் தொழிலோடு தொடர்புள்ள எளிய குடும்பம் அது. 1968-ல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்குப் பின், அரசன் பெயரையும் ஊர் பெயரையும் மட்டும் சொல்லி வந்த இடத்தில் உழைத்தவன் பெயரும் சொல்லப்படலாயிற்று.

இந்தத் திருத்தங்களால் குமாரசுவாமியின் புகழ் குறையாது. முதலில் காட்டில் பாதை போட்டவர் எல்லா மரத்துக்கும் சரியாகப் பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை.

பாஸ்டன் நமக்கு எட்டாத தூரம். ஆனால் எல்லா நாயகியரும் கப்பலேறிவிடவில்லை. தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் காசி பாரத கலா பவனிலும் இத்தகைய ஓவியங்கள் ஏராளம். 1908-ல் தொடங்கிய சம்பா பூரிசிங் அருங்காட்சியகத்திலும் உண்டு. சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் பல, பிரிவினையின்போது லாகூரிலிருந்து நம் பங்காகப் பிரித்துக் கொண்டுவந்தவை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கட்டிலையும் கதவையும் மேகத்தையும் காட்டி, இவள் எந்த நாயகி என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர இன்னும் வசதிப்படாதவர்கள், மாடத்தில் நின்று மேகத்தைப் பார்ப்பவளை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்துவிட்டு வரட்டும்.